சும்மா என்ற சொல்லின் சட்டப் பொருள்

விழுப்புரம் தனி மாவட்டமான புதிதில், பெயர்ப்பலகை எழுதுகிறவர்களுக்குக் கை ஓயாத வேலை. புது மாவட்டம் என்றால் புது அலுவலகங்கள் வேண்டும். இருக்கிற வேலைகளுக்கெல்லாம் ஏற்கெனவே அலுவலகம் இருந்ததால், புது அலுவலகங்களுக்காகச் சில வேலைகளைக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. அப்படிப் பிறந்ததுதான் ‘பணியிடக் காய உரிமை விளக்க மையம்’. வேலை செய்கிற இடத்தில் கை கால் போனவர்களுக்கு நஷ்டஈடு உண்டு என்று ஒரு சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்தை அவர்களுக்கு விளக்குவது மையத்தின் வேலை. நஷ்டஈடு வாங்கித் தருவது மையத்தின் வேலை அல்ல. இந்தக் கடைசி வாக்கியம் பலகையில் இடம் போதாமல் விட்டுப்போயிற்று.

பலகையை நம்பி உள்ளே போனவர்களில் ஒருவன் மண்ணாங்கட்டி.

கிளியனூர்ப் பக்கத்து ஆள். அவனுக்கு முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்காமல் போகவே, எமன் ஏறெடுத்தும் பார்க்காமல் இருக்கட்டும் என்று பெற்றவள் அப்படிப் பெயர் வைத்தாள். எமன் ஏமாந்துவிட்டான். திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கிற மில்லில் ஓடிய பெல்ட்தான் ஏமாறவில்லை.

அந்த பெல்ட் பழசு. அடிக்கடி நழுவும். மோட்டாரை நிறுத்திவிட்டு மாட்டுவதுதான் முறை. நிறுத்தி ஓட்டினால் கரண்டும் நேரமும் வீண் என்பது மில் முதலாளி சீனுவாசனின் முறை. ஓட ஓட ஏற்றச் சொல்வார். மண்ணாங்கட்டி ஏற்றுவான். ஒருநாள் பெல்ட் ஏறியது, வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அதனோடு போயின. சீனுவாசன் இரக்கமுள்ள மனிதர். தன் சொந்தக் காரிலேயே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். சீட்டின் மேல் சாக்கு விரித்துத்தான் உட்காரவைத்தார் என்றாலும், துவைத்த சாக்கு. “ஆறட்டும்டா, வா, பாத்துக்கலாம்” என்றார். ஆறிய பிறகு போனான். மிஷினில் வேறு ஆள் நின்றுகொண்டிருந்தான். சீனுவாசன் மண்ணாங்கட்டியைப் பார்த்தார். அதற்கு மேல் பார்த்துக்கொள்ளவில்லை.

இரண்டு விரல் இல்லாதவனை மூட்டை தூக்கவும் கூப்பிடவில்லை, களை வெட்டவும் கூப்பிடவில்லை. அவன் பெண்டாட்டி வேணி நடவுக்கும் மல்லாட்டை பிடுங்கவும் போய்க் கொண்டுவந்த கூலியில் அடுப்பு எரிந்தது. ஒருநாள் அவள்தான் சேதி கொண்டுவந்தாள். வேலையில் இருக்கும்போது அடிபட்டால் முதலாளி கொடுத்தாக வேண்டுமாம், சட்டமாம், அதைச் சொல்லித்தர விழுப்புரத்தில் ஆபீசே திறந்திருக்கிறார்களாம். மண்ணாங்கட்டிக்குக் கூச்சமாக இருந்தது. சொந்தக் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவரிடம் போய் விரலுக்கு விலை கேட்பதா என்றான்.

“நீ ஒண்ணும் விக்கலய்யா,” என்றாள் வேணி. “அவரு எடுத்துக்கினாரு. அதுக்குத்தான் கேக்கறோம்.”

மையத்தில் முதல் மேசையில் தேவகி உட்கார்ந்திருந்தாள். விளக்க உதவியாளர், தினக்கூலி. அவள் முன்னால் ஒரு படிவம். பெயர், ஊர், முதலாளி பெயர் எல்லாம் எழுதிக்கொண்டு ஏழாவது கட்டத்துக்கு வந்தாள். விபத்து நடந்த நேரத்தில் தொழிலாளி என்ன செய்துகொண்டிருந்தார்?

“சும்மாங்க,” என்றான் மண்ணாங்கட்டி. “பெல்ட்டு நழுவிக்கிச்சு, அத்த ஏத்திக்கினு இருந்தேன்.”

இந்த ‘சும்மா’வைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மண்ணாங்கட்டியின் தெருவில் யாரும் யாரிடமும் நேராக ஒரு விஷயத்தை ஆரம்பிப்பதில்லை. கடன் கேட்க வந்தவனும் “சும்மாதான் வந்தேன்” என்பான். ஜுரத்தில் நடுங்குகிறவளும் “சும்மா லேசா உடம்பு சரியில்ல” என்பாள். கேட்கிறவர் மனசு சங்கடப்படக் கூடாது என்பதற்காக வாசலில் செருப்பைக் கழற்றுவது மாதிரி ஒரு சொல். அதிலும் எதிரே மேசை போட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தால் அந்தச் சொல் தானாக வாயில் வந்து நிற்கும்.

ஏழாவது கட்டம் சின்னது. ஒரு சொல்லுக்குத்தான் இடம். தேவகி நேர்மையானவள், காதில் விழுந்ததை விழுந்த வரிசையில் எழுதுகிறவள். ‘சும்மா’ என்று எழுதினாள். அதற்குள் கட்டம் நிரம்பிவிட்டது.

மையத்தில் வாரா வாரம் விளக்க வகுப்பு. அதற்கு வராதவர்களுக்கு ‘உரிமையைப் புரிந்துகொண்டார்’ என்ற சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லாமல் நஷ்டஈடு கேட்க முடியாது என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தது. யார் எழுதியது, எந்தச் சட்டத்தில் அப்படி இருக்கிறது என்றெல்லாம் யாரும் கேட்கவில்லை. கை போனவனுக்கும் கால் போனவனுக்கும் சுவரோடு சண்டை பிடிக்கத் தெம்பு ஏது?

மையத்தின் இயக்குநர் அரிபிரசாத் நல்ல பேச்சாளர். கண்ணை மூடிக்கொண்டு பேசுவார், அதனால் எதிரே இருப்பவர்களின் காயங்கள் அவர் பேச்சுக்கு இடைஞ்சல் செய்வதில்லை.

“உரிமை என்பது கேட்டுப் பெறுவதல்ல, உணர்ந்து தெளிவது,” என்றார் முதல் வகுப்பில். “தெளிந்தவன் கேட்க மாட்டான். இந்த மையம் தொடங்கிய நாள் முதல் இங்கே வந்தவர்களில் ஒருவர்கூட நஷ்டஈடு கேட்டு மனுப் போட்டதில்லை. அவ்வளவு தெளிவாக விளக்கியிருக்கிறோம்.”

அவர் பேசி முடித்ததும் வருகைப் பதிவு. தேவகி எழுந்து, “மண்ணாங்கட்டி” என்றாள். அரிபிரசாத் கண்ணைத் திறந்து, யார் அது என்று திரும்பிப் பார்த்தார். மண்ணாங்கட்டி எழுந்து நின்று கும்பிட்டான். அடுத்த வாரத்திலிருந்து வருகைப் பதிவைப் பேச்சுக்கு முன்னாலேயே முடித்துவிட உத்தரவாயிற்று.

சுவரில் ஒரு மனிதப் படம் தொங்கியது. ஆட்டுக் கறிக்கடைக்காரர் பார்த்தால் தொழில் சுத்தம் என்று பாராட்டுவார். எந்த உறுப்பு போனால் மனிதனில் எத்தனை பங்கு போயிற்று என்று கோடு போட்டு எழுதியிருந்தது. முழு ஆள் நூறு. கட்டைவிரல் முப்பது. ஒரு கையில் இரண்டு விரல் என்றால் இருபது. சிவப்புப் பிரம்பால் தொட்டுத் தொட்டு அரிபிரசாத் விளக்கினார். பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். பக்கத்தில் இருந்தவன் கால் போனவன். மண்ணாங்கட்டியிடம் ரகசியமாக, “நீ இருபதுதானா? பரவாயில்லயே” என்றான். அதில் ஆறுதல் இருந்ததா பெருமை இருந்ததா என்று மண்ணாங்கட்டிக்குப் பிடிபடவில்லை.

வகுப்பின் முடிவில், “புரிந்ததா?” என்று கேட்பார்கள். புரியவில்லை என்றவர்கள் மறுபடி வர வேண்டும். மண்ணாங்கட்டி முதல் வாரமே புரிந்தது என்றான். அவனும் மறுபடி வர வேண்டும் என்றார்கள். ஒரே வகுப்பில் ஒருவனுக்குப் புரிந்துவிட்டது என்று எழுதினால் மையத்துக்கு அடுத்த வருஷ நிதி எப்படி வரும் என்று அரிபிரசாத் வெளிப்படையாகவே கேட்டார். வெளிப்படைத்தன்மையும் அங்கே ஒரு பாடம்.

மழைக்காலம் போய், மல்லாட்டை வந்து, மறுபடி மழைக்காலம் வரும் சமயத்தில் ஏழாவது கட்டம் பரிசீலனைக்கு வந்தது. அரிபிரசாத் மண்ணாங்கட்டியையும் வேணியையும் தன் அறைக்கே கூப்பிட்டு அனுப்பினார். நாற்காலி காட்டினார். அவர்கள் உட்காரவில்லை. நாற்காலி காட்டியதோடு அவர் கடமையும் முடிந்தது.

“உங்கள் வாக்குமூலத்தில் ‘சும்மா’ என்று இருக்கிறது,” என்றார். “நாங்கள் அவசரப்பட்டு எதையும் முடிவு செய்வதில்லை. அந்தச் சொல்லை நாலு பக்கமும் ஆராய்ந்தோம். சும்மா என்றால் வேலையில்லாமல் இருப்பது. வேலையில்லாமல் இருந்தபோது பட்ட காயம் வேலையில் பட்ட காயம் ஆகாது. சரி, வேறு பொருள் எடுத்துப் பார்ப்போம் என்று பார்த்தோம். சும்மா என்றால் இலவசம். இலவசமாக வேலை செய்தவர் கூலி வாங்கும் தொழிலாளி அல்ல. அதுவும் வேண்டாம். சும்மா என்றால் காரணமில்லாமல். காரணமில்லாமல் ஓடுகிற மிஷினில் கை விட்டால் அது விபத்தாகாது, வேண்டுமென்றே செய்தது. கடைசியாக, சும்மா சும்மா என்றால் அடிக்கடி. அடிக்கடி கை விடுகிற பழக்கம் உள்ளவருக்கு முதலாளி எப்படிப் பொறுப்பாவார்? பாருங்கள், உங்களுக்காக எவ்வளவு முயன்றிருக்கிறோம். தமிழ் இவ்வளவு வளமான மொழியாக இருந்தும் வழியில்லை.”

வேணிக்கு முகம் சிவந்தது. “சும்மா இருந்தவரு வெரல, மிஷினா தேடிக்கினு வந்து புடிச்சிது?”

“நல்ல கேள்வி,” என்று அரிபிரசாத் அதைக் குறித்துக்கொண்டார். “அறிக்கையின் இணைப்பில் சேர்க்கலாம்.”

மண்ணாங்கட்டி வாயைத் திறந்தான். அந்தச் சொல் மறுபடி நாக்கு நுனியில் வந்து நின்றது. பயந்து வாயை மூடிக்கொண்டான்.

நடுநிலை தவறக் கூடாது என்பதால் முதலாளியின் கருத்தையும் கேட்டிருந்தார்கள். சீனுவாசன் தன் ஆளைப் பற்றி ஒரு குறை சொல்லவில்லை. மண்ணாங்கட்டி தங்கமான பையன், பொய் சொல்லவே தெரியாது, அவன் வாயால் சும்மா என்று சொல்லியிருந்தால் அது சும்மாவாகத்தான் இருக்கும் என்று பதில் எழுதியிருந்தார். மண்ணாங்கட்டி அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டபோது, தன்னைப் புகழ்ந்திருக்கிறாரே என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டும் விட்டான். வேணி இடுப்பில் ஒரு குத்து விட்ட பிறகுதான் சுரணை வந்தது.

இணைப்பில் சேர்த்த கேள்விக்குப் பதில் வேண்டுமே. கள ஆய்வு என்று முடிவாயிற்று. ஒருநாள் மையத்தின் ஜீப் திண்டிவனம் மில்லுக்கு வந்து நின்றது. அரிபிரசாத் முன்னால், படிவங்களோடு தேவகி பின்னால். மண்ணாங்கட்டியும் வேணியும் பஸ்ஸில் வந்து வெயிலில் நின்றார்கள். சீனுவாசன் வறுத்த மல்லாட்டையும் இளநீரும் வைத்தார். மல்லாட்டை அருமையாக இருப்பதாகக் கள ஆய்வின் முதல் பகுதியில் தெரியவந்தது.

பிறகு மிஷினை ஓடவிட்டார்கள். கொட்டகை அதிர்ந்தது, தூசி பறந்தது. இப்போது அங்கே வேலை பார்க்கிற ஆள் மல்லாட்டையைக் கொட்டிக்கொண்டிருந்தான். விபத்து எப்படி நடந்தது என்று அப்படியே நடித்துக் காட்டும்படி அரிபிரசாத் சொன்னார்.

“மோட்டார நிறுத்தச் சொல்லுங்க,” என்றாள் வேணி.

நிறுத்தினால் அது உண்மையான கள ஆய்வு ஆகாது என்றார் அரிபிரசாத். கையை மிஷினுக்கு எவ்வளவு கிட்டத்தில் வைப்பது என்று மண்ணாங்கட்டி யோசித்துக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்து பெல்ட் நழுவியது. சீனுவாசன் இளநீரை வாயிலிருந்து எடுக்காமலே, பழக்க தோஷத்தில், அத்தனை பேர் முன்னிலையிலும் கத்தினார்.

“டேய் மண்ணாங்கட்டி, ஏத்துடா ஜல்தி.”

மண்ணாங்கட்டி ஏற்றினான். யோசித்துச் செய்யவில்லை. அந்தக் குரலுக்கு அவன் காலும் கையும் வருஷக்கணக்காகப் பழகியிருந்தன. மிச்சமிருந்த விரல்களால் தள்ளி, உள்ளங்கையால் அழுத்தி, ஓடுகிற புல்லிச் சக்கரத்தின் மேல் பெல்ட்டை ஏற்றிவிட்டான். வேணி போட்ட கூச்சலை மிஷின் சத்தம் விழுங்கிவிட்டது. திரும்பியபோது அவன் முகம் வெளுத்திருந்தது. வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு விரலாகத் தடவிப் பார்த்தான், இன்னும் போகாதவை எல்லாம் இருக்கின்றனவா என்று.

கொட்டகையில் எல்லாருக்கும் விஷயம் விளங்கிவிட்டது. சீனுவாசனே இளநீரைக் கீழே வைத்துவிட்டார். தேவகி பேனாவை எடுத்தாள். மண்ணாங்கட்டி சும்மா இருக்கவில்லை, சொன்னதைச் செய்தான், செய்யச் சொன்னது யார் என்பதையும் ஊரே கேட்டாயிற்று. வேணிக்கு அழுகை வந்தது. அது நிம்மதியில் வந்த அழுகை. இதற்கு மேல் என்ன நிரூபிக்க வேண்டும்?

அரிபிரசாத் கைதட்டினார்.

“பிரமாதம்,” என்றார். “என்ன லாகவம். இருபது பங்கு போனதாக நினைத்தோம், ஒரு பங்குகூடப் போகவில்லை. இவர் வேலைத்திறன் முழுசாக இருக்கிறது. எழுதிக்கொள்ளுங்கள் தேவகி.”

தேவகியின் பேனா நின்றது. அவர் மறுபடி சொன்னார். எழுதினாள்.

திறன் முழுசாக இருந்தால் வேலையாவது திரும்பக் கொடுக்கச் சொல்லுங்கள் என்று வேணி மன்றாடினாள். சீனுவாசன் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். இரண்டு விரல் இல்லாத மனுஷனை ஓடுகிற மிஷினில் நிறுத்துவது சட்டப்படி தப்பில்லையா, நாளைக்கு ஏதாவது ஆனால் இந்த மையமே தன்னைக் கேள்வி கேட்காதா என்றார். அரிபிரசாத் அந்தச் சமூக அக்கறையையும் எழுதிக்கொள்ளச் சொன்னார்.

இன்னொரு மழைக்காலமும் போன பிறகு சான்றிதழ் வழங்கும் விழா. அதோடுதான் கடைசிப் பாடமும். பந்தல் போட்டு, மைக் வைத்து, அரிபிரசாத் கண்ணை மூடிக்கொண்டு விளக்கினார். தலைப்பு, காலவரம்பு. விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் நஷ்டஈடு மனு போட்டுவிட வேண்டும், இதுவே சட்டத்தின் ஆணிவேர் என்றார். கேள்வி ஏதாவது உண்டா என்றும் கேட்டார்.

வேணி எழுந்தாள். “எங்களுக்குத்தான் ரெண்டு வருசம் போன மாசமே முடிஞ்சி போச்சுங்களே.”

அரிபிரசாத் கண்ணைத் திறந்தார். முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி.

“பாருங்கள்,” என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். “எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண்மணி. எவ்வளவு துல்லியமாகப் புரிந்துகொண்டிருக்கிறார்.”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மண்ணாங்கட்டிக்குத் தங்க நிற முத்திரை போட்ட கெட்டியான சான்றிதழ் கொடுத்தார்கள். இவர் தன் உரிமைகளை ஐயந்திரிபற முழுமையாகப் புரிந்துகொண்டார் என்று அதில் அச்சாகியிருந்தது. போட்டோவுக்காக வலது கையைக் கொஞ்சம் மறைத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

பந்தலுக்கு வெளியே, டீ டம்ளர்கள் கழுவுகிற இடத்தில், தேவகி அவர்களைப் பிடித்துவிட்டாள். யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“அக்கா, எங்க ஆபீசுக்கும் நஷ்டஈட்டுக்கும் சம்பந்தமே கெடையாது. இந்தச் சான்றிதழும் தேவையில்ல. நேரா தொழிலாளர் நஷ்டஈட்டு ஆணையர்கிட்ட மனு போடலாம். இவரு கவனக்கொறைவா இருந்திருந்தாலும் மொதலாளி குடுத்துத்தான் ஆகணும். வேல செய்றப்ப பட்டுதா, அது போதும். காலம் தாண்டிட்டா, அதுக்கு ஒரு காரணம் எழுதிக் கேக்கலாம். நியாயமா இருந்தா ஏத்துக்குவாங்க.”

“இத்த மொத நாளே சொல்லக் கூடாதாம்மா?” என்றாள் வேணி.

“சொல்றதுக்குத்தான் எனக்குக் கூலி குடுக்கறாங்க,” என்றாள் தேவகி. “இன்னா சொல்றதுன்னு அவங்க முடிவு பண்றாங்க.” அப்புறம் மண்ணாங்கட்டியின் பக்கம் திரும்பி, “அந்த ஏழாவது கட்டம்…” என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. மண்ணாங்கட்டி பரவாயில்லம்மா என்று தலையை ஆட்டினான். அவள் உள்ளே போய்விட்டாள்.

கோர்ட்டுக்கு எதிரே புங்க மரத்தடியில் மனு டைப் அடிக்கிற சவுரிராயன் இருந்தார். மிஷினும் கிழம், மேசையும் கிழம், அவரும் அந்த வரிசையில் சேர்ந்துகொண்டிருந்தார். நடந்ததை முழுக்கக் கேட்டார். சிரிக்கவில்லை. காகிதத்தைச் செருகி, பெயர், ஊர், முதலாளி, விபத்து எல்லாம் அடித்தார். மண்ணாங்கட்டி சொன்னதையெல்லாம் சொன்ன அளவுக்கு அடித்தார், அவருடைய காகிதத்தில் கட்டங்கள் இல்லை. தாமதத்துக்குக் காரணம் என்ற இடத்துக்கு வந்ததும் கையை எடுத்தார்.

“இங்க இன்னா போடட்டும்?”

“ரெண்டு வருசமா உரிமைய வெளக்கிக்கினு இருந்தாங்கன்னு போடுங்க,” என்றாள் வேணி.

“நடந்தத அப்படியே போட்டா யாரு நம்புவா தாயீ?” என்றார் சவுரிராயன். “சட்டம் தெரியாதுன்னு போடறேன். அறியாம. ஏழ எளியவங்களுக்கு அது ஒண்ணுக்குத்தான் எரங்குவாங்க.” அப்போதுதான் மண்ணாங்கட்டியின் கக்கத்தில் சுருட்டியிருந்த காகிதத்தைப் பார்த்தார். வாங்கிப் பிரித்துப் படித்தார். தங்க முத்திரையைக் கட்டைவிரலால் தடவினார். “முழுமையா புரிஞ்சுக்கினாருன்னு போட்டு முத்திர வேற குத்தி வச்சிக்கீறானுங்களே. இது மொதலாளியோட வக்கீலு கையில கெடச்சா உம் மனு நிக்காது.”

மண்ணாங்கட்டி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். இந்த இரண்டு வருஷத்தில் அவன் எத்தனையோ தடவை புரிந்தது புரிந்தது என்று சொல்லியிருக்கிறான். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய், என்ன புரிந்தது என்று வேணி கேட்டால் விழித்திருக்கிறான். இப்போது நிமிர்ந்தான்.

“எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க,” என்றான். குரலில் தயக்கம் இல்லை. “அத்தயே போடுங்க.”

சவுரிராயன் அடிக்க ஆரம்பித்தார். வேகம் பிடித்ததும் மேசை ஆடியது. ஒரு கால் குட்டை. எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறின. காகிதத்தை உருவிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். ‘அறியாமை’ படிக்கிற மாதிரி இல்லை.

வேணி அவர் கையிலிருந்து சான்றிதழை வாங்கினாள். நாலாக மடித்தாள், கெட்டிக் காகிதம் என்பதால் நகத்தால் அழுத்தி இன்னொரு மடிப்பு. குனிந்து, மண்ணாங்கட்டியை மேசையைக் கொஞ்சம் தூக்கச் சொல்லி, குட்டைக் காலுக்கு அடியில் செருகினாள். அழுத்திப் பார்த்தாள்.

மேசை ஆடாமல் நின்றது. சவுரிராயன் புதுக் காகிதம் செருகி, முதலிலிருந்து அடிக்கத் தொடங்கினார்.